டிரைவர் இன்ஸ்டால் பாதியில் நின்றது, வைஃபையைக் காணோம்: ஐயாயிரம் கொடுத்து கார்டு மாற்றலாமா?

நீங்கள் குடியாத்தத்திலிருந்து எழுதியிருப்பதை நான் புரிந்துகொண்ட வரையில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். மகளுடைய லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று உங்கள் தம்பி மகன், எல்லா டிரைவரையும் ஒரே அழுத்தில் புதுப்பித்துத் தரும் இலவச சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டிருக்கிறான். பேட்டரி ஏற்கெனவே செத்துப்போன லேப்டாப், சார்ஜரிலேயே ஓடுவது. இன்ஸ்டால் பாதி ஓடும்போது கரண்ட் போய்விட்டது. மறுபடி ஆன் செய்ததும் விண்டோஸ் வந்துவிட்டது, மற்ற எல்லாம் சரி, ஆனால் கீழே மூலையில் வைஃபை குறிக்குப் பதில் ஓர் உலக உருண்டை. அதே வீட்டில் போனில் வைஃபை நன்றாக எடுக்கிறது. கடையில் காட்டினால், "வைஃபை கார்டு போயிடுச்சு சார், மாத்தணும், ஐயாயிரம் ஆகும்" என்கிறார்கள். வைஃபையை எப்படி வரவைப்பது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன்: ஒரு சாஃப்ட்வேர் பாதியில் நின்றதற்கு உள்ளே இருக்கும் பாகம் போகுமா, அந்த ஐயாயிரத்தைக் கொடுக்கலாமா?

வேலூரில் லேப்டாப் ரிப்பேர் வேலையிலேயே பல வருடமாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் லேப்டாப்பை நான் பார்க்கவில்லை, என்ன மாடல் என்றும் நீங்கள் எழுதவில்லை, அதனால் கார்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் டிரைவர் இன்ஸ்டால் பாதியில் நின்றதால் கார்டு செத்தது என்ற கதை மட்டும் நிற்காது. டிரைவர் என்பது கார்டோடு எப்படிப் பேசுவது என்று விண்டோஸுக்குச் சொல்லித்தரும், ஹார்டு டிஸ்கில் கிடக்கும் ஃபைல். கார்டுக்குள் ஓடவேண்டிய அதன் சொந்த சாஃப்ட்வேரான ஃபர்ம்வேரைக்கூட இன்றைய பெரும்பாலான வைஃபை கார்டுகளில் இந்த டிரைவர்தான் விண்டோஸ் எழும் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏற்றிவிடுகிறது, அணைத்தால் அது போய்விடும், மறுபடி ஆன் செய்தால் மறுபடி ஏறும். அதனால் ஃபைல் அரைகுறையாக இருந்தால் கார்டு சும்மா நிற்குமே தவிர சாகாது. விண்டோஸுக்கு முன்பே எழுந்து லேப்டாப்பைக் கிளப்பிவிடும் பயாஸின் அப்டேட் பாதியில் நின்றிருந்தால் கதை வேறு, அதில் மதர்போர்டே படுத்துவிடும், ஆனால் அப்படி நடந்திருந்தால் பெரும்பாலும் உங்கள் லேப்டாப் விண்டோஸ் வரைக்கும் வந்திருக்காது. ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது: போன கரண்ட் திரும்பும்போது வோல்டேஜ் எகிறி அடித்திருக்கலாம். நடக்காதது இல்லை. ஆனால் அந்த அடியை முதலில் வாங்குவது சார்ஜர், அப்புறம் போர்டில் சார்ஜிங் பகுதி. அவை இரண்டும் நலமாக இருக்க வைஃபை கார்டை மட்டும் தேடிப்போய் அடித்தது என்பதை நான் எளிதில் நம்ப மாட்டேன்.

நம்புவதும் நம்பாததும் இருக்கட்டும், பார்த்துவிடலாம். விண்டோஸ் பட்டனையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். அதில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற வரியை விரித்தால் உங்கள் லேப்டாப் பெரும்பாலும் இந்த மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கும். வைஃபை கார்டின் பெயர் இருந்து அதன்மேல் மஞ்சள் முக்கோணம் இருந்தால் விண்டோஸுக்குக் கார்டு தெரிகிறது, டிரைவரோடுதான் தகராறு. அங்கே பெயரே இல்லாமல், கொஞ்சம் கீழே அதர் டிவைசஸ் என்ற தலைப்பில் வெறும் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று ஒன்று நின்றால் இன்னும் நல்ல செய்தி, கார்டு கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அதற்கு ஆள்தான் இல்லை. நீங்கள் சொல்லும் கதைக்கு இந்த இரண்டில் ஒன்றைத்தான் நான் எதிர்பார்க்கிறேன். இரண்டும் இல்லை, வியூ மெனுவில் ஷோ ஹிட்டன் டிவைசஸ் போட்டால் மங்கலாக மட்டும் தெரிகிறது அல்லது அதுவும் இல்லை என்றால்தான் கார்டு, அது உட்காரும் ஸ்லாட், பயாஸ் செட்டிங் என்று யோசிக்க வேண்டும். அப்போதும் ஒரு விஷயம் பாருங்கள், பெரும்பாலான லேப்டாப்பில் ப்ளூடூத்தும் அதே கார்டில்தான் இருக்கிறது. ப்ளூடூத் வேலை செய்து வைஃபை மட்டும் இல்லை என்றால் கார்டுக்குக் கரண்ட் போகிறது, ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

மஞ்சள் முக்கோணமோ கீழ்நோக்கிய அம்புக்குறியோ இருக்கும் பெயரை இரண்டு தடவை கிளிக் செய்தால் திறக்கும் பெட்டியில் டிவைஸ் ஸ்டேட்டஸ் என்று எழுதி ஒரு கோடு (Code) எண் இருக்கும். கடையில் உங்களிடம் இதைக் காட்டாமலேயே கார்டு போச்சு என்றிருந்தால் அவர்கள் திறந்தே பார்க்கவில்லை என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. கோடு 28 என்றால் டிரைவரே இல்லை. 39 என்றால் டிரைவர் இருக்கிறது, ஆனால் கெட்டுவிட்டது அல்லது ஒரு துண்டு குறைகிறது, பாதியில் நின்ற இன்ஸ்டாலுக்கு இது ரொம்பப் பொருத்தமான எண். 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையெழுத்தை விண்டோஸ் ஏற்கவில்லை, எங்கிருந்தோ எடுத்த டிரைவரைப் போட்டால் வரும். 22 என்றால் யாரோ டிஸேபிள் செய்து வைத்திருக்கிறார்கள், எனேபிள் கொடுத்தால் முடிந்தது. இந்த நான்கிலும் கார்டு மாற்ற ஒரு காரணமும் கிடையாது. 10, 43 இரண்டும்தான் குழப்பும் எண்கள். தப்பான டிரைவர் ஏறியிருந்தாலும் வரும், கார்டு உண்மையிலேயே போயிருந்தாலும் வரும், எண்ணை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் சொல்ல முடியாது.

56 என்று ஒன்று இருக்கிறது, உங்களுக்கு இது இல்லாமலும் போகலாம், ஆனாலும் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்காக வந்து காந்தி ரோடு பக்கம் லாட்ஜில் தங்கியிருந்த ஒரு வங்காளிப் பையன், அப்பாவுக்கு சிகிச்சை நடக்கிறது, அறையிலிருந்தே கம்பெனி வேலையையும் பார்த்துக்கொண்டிருக்கிறான், விண்டோஸ் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்ட மறுநாள் வைஃபை இல்லை. கார்டின் பெயர் பளிச்சென்று இருக்கிறது, டிரைவர் புதுசு, நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டாலும் அதே 56. வெளியிலிருந்து கம்பெனி நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்க அவன் கம்பெனி கொடுத்திருந்த பழைய விபிஎன் சாஃப்ட்வேரை நீக்கி ரீஸ்டார்ட் செய்ததும் லாட்ஜின் பெயர், பக்கத்து லாட்ஜின் பெயர் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. விபிஎன்னும் சில ஆன்டிவைரஸும் வைஃபைக்கும் விண்டோஸுக்கும் நடுவில் ஒரு வடிகட்டியைச் செருகி வைக்கும், விண்டோஸின் பெரிய அப்டேட் வரும்போது அந்த வடிகட்டி அடைத்துக்கொண்டால் டிரைவரை எத்தனை தடவை மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை. உங்கள் வீட்டு லேப்டாப்பில் ஹாஸ்டல் பழக்கத்தில் யாராவது இலவச விபிஎன் போட்டு வைத்திருந்தால் அதையும் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

சரி, வேலையை ஆரம்பிக்கும் முன் இரண்டு காரியம். முதலாவது கரண்ட். பேட்டரி இல்லாத லேப்டாப்பில் மறுபடி டிரைவர் போடப் போகிறீர்கள், மறுபடி கரண்ட் போனால் மறுபடி இதே கதை. இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் உட்கார்ந்து செய்யுங்கள், பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் போடும் நாளில் தொடவே வேண்டாம். இரண்டாவது, அந்த டிரைவர் சாஃப்ட்வேரை முதலில் அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள். அது உள்ளே இருக்கும் வரை நீங்கள் சரியான டிரைவரைப் போட்டாலும் அடுத்த தடவை ஆன் செய்யும்போது அதற்குத் தோன்றியதை மேலே போட்டுவிடலாம். இந்த வகை சாஃப்ட்வேரைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், வீட்டு லேப்டாப்பில் அதற்கு வேலையே இல்லை. விண்டோஸே வேண்டிய டிரைவரைக் கொண்டுவருகிறது, மீதியை லேப்டாப் கம்பெனியின் தளத்தில் வைத்திருக்கிறார்கள். டிரைவரைப் புதுப்பித்தால் லேப்டாப் வேகமாகும் என்பதும் பெரும்பாலும் வெறும் பேச்சு. மெதுவாக ஓடுவதற்கு பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்கோ ரேமோ (RAM) காரணமாக இருக்கும்.

வைஃபை இல்லாமல் டிரைவரை எப்படி டவுன்லோட் செய்வது என்று பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளால் லேப்டாப்பில் செருகி, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் இருக்கும் இடத்தில் யுஎஸ்பி டெதரிங் என்பதை ஆன் செய்யுங்கள். லேப்டாப் அதை வயர் போட்ட நெட்வொர்க் என்று எடுத்துக்கொள்ளும், வைஃபை டிரைவர் எதுவும் தேவையில்லை. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையையே கேபிள் வழியாகத் தந்துவிடும், மொபைல் டேட்டா செலவாகாது. சார்ஜ் மட்டும் ஏறும் மலிவான கேபிளில் இது வராது, டெதரிங் பட்டன் மங்கலாகவே நிற்கும், வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். நெட் வந்ததும் அவசரப்பட்டு எதையும் தேடாமல் விண்டோஸ் அப்டேட்டை ஒரு தடவை ஓடவிடுங்கள், அதில் ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்ற இடத்தில் டிரைவர் அப்டேட்ஸ் என்று இருந்தால் அதையும் பாருங்கள். கோடு 28 காரர்களில் நிறையப் பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் பழையதைத் திரும்ப எடுப்பதுதான் அடுத்த வழி, புதியதைத் தேடுவதற்கு முன் இதைத்தான் நான் செய்வேன். அதே பெட்டியில் டிரைவர் என்ற டேபில் ரோல் பேக் டிரைவர் என்ற பட்டன் அழுத்தக்கூடியதாக இருந்தால் அழுத்துங்கள், மங்கலாக இருந்தால் பழையதை விண்டோஸ் எடுத்துவைக்கவில்லை என்று அர்த்தம். அப்போது அப்டேட் டிரைவர், ப்ரௌஸ் மை கம்ப்யூட்டர், அதற்குள் லெட் மீ பிக் என்று ஆரம்பிக்கும் வரி என்று போனால் உங்கள் லேப்டாப்பிலேயே கிடக்கும் டிரைவர்களின் பட்டியல் வரும், ஒரே பெயரில் இரண்டு மூன்று தேதியோடு இருந்தால் பழைய தேதியைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸை முந்தைய ஒரு நாளின் நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர் இதைவிட சுலபம், அந்த சாஃப்ட்வேர் போட்ட நாளுக்கு முந்தைய புள்ளி ஒன்று இருந்தால் அங்கே போய்விடலாம், போட்டோ, டாக்குமென்ட் எதுவும் போகாது. ஆனால் பல லேப்டாப்பில் இது ஆரம்பத்திலிருந்தே அணைத்துவைக்கப்பட்டிருக்கும், அதனால் இருந்தால் லாபம் என்று மட்டும் பாருங்கள்.

பழையது எங்குமே இல்லை என்றால் சரியான டிரைவரைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கேதான் ஆட்கள் தவறான டிரைவரை இறக்கி நாளைத் தொலைக்கிறார்கள். ஒரே மாடல் பெயரில் விற்ற லேப்டாப்பிலேயே இந்த மாதத்துப் பெட்டியில் ஒரு கம்பெனி கார்டும் அடுத்த மாதத்துப் பெட்டியில் வேறு கம்பெனி கார்டும் இருக்கும், மாடல் பெயரை மட்டும் நம்பக்கூடாது. டீடெய்ல்ஸ் டேபில் ஹார்டுவேர் ஐடீஸ் என்று தேர்ந்தெடுத்தால் நீளமாக ஒரு வரி வரும், அதில் வென் (VEN) என்ற மூன்று எழுத்துக்குப் பின்னால் இருக்கும் நான்கு இலக்கம்தான் கார்டு செய்தவரின் அடையாளம். 8086 என்றால் இன்டெல் (1978-ல் வந்த தங்கள் பிராசஸரின் எண்ணையே வைத்துக்கொண்டார்கள்), 10இசி (10EC) என்றால் ரியல்டெக், 168சி (168C) என்றால் குவால்காம் ஏத்ரோஸ், 14இ4 (14E4) என்றால் பிராட்காம், 14சி3 (14C3) என்றால் மீடியாடெக். அந்தக் கம்பெனிப் பெயரைத் தெரிந்துகொண்டு, லேப்டாப்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரை லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் போட்டு, அதில் வரும் வைஃபை டிரைவர்களில் இந்தக் கம்பெனியுடையதை மட்டும் இறக்குங்கள். போடுவதற்கு முன் டிவைஸ் மேனேஜரில் அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுக்கும்போது டிரைவரையும் சேர்த்து நீக்கவா என்று ஒரு சிறு கட்டம் வரும், அதில் டிக் போடுங்கள். டிக் போடாமல் விட்டால் கெட்ட டிரைவர் உள்ளேயே இருந்து, விண்டோஸ் கார்டை மறுபடி தேடிக் கண்டதும் அதே திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எண் 10 வந்தவர்களுக்குத் தனியாக ஒன்று. இப்போதைய விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தாலும் முழுதாக அணைவதில்லை, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி உள்ளிருப்பதில் ஒரு பகுதியை அப்படியே டிஸ்கில் சேமித்து வைத்து அடுத்த தடவை எடுத்துக்கொள்கிறது, கார்டு மாட்டிக்கொண்ட நிலையும் கூடவே வந்துவிடலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால் அப்படி இல்லை, அல்லது ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். அணைந்ததும் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்றக்கூடிய மாடல் என்றால் அதையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் போல அழுத்திப் பிடியுங்கள். ஏதோ மந்திரம் மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து கார்டு புதிதாக எழுந்துகொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் பேட்டரி செத்துவிட்டது என்றாலும் கழற்றியே செய்யுங்கள், உப்பியிருந்தால் திரும்பப் போடாதீர்கள். நம்ம ஊர் கோடையில் உப்பிய பேட்டரியை டச்பேடுக்கு அடியில் வைத்துக்கொண்டு மகள் படிப்பது நல்லதில்லை.

நெட்வொர்க் ரீசெட் என்று செட்டிங்ஸில் ஒரு பட்டன் இருப்பதை எல்லாரும் முதலில் அழுத்தச் சொல்வார்கள். நான் கடைசியில்தான் அழுத்துவேன். சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் போய்விடும், விபிஎன்னைத் திரும்பப் போட வேண்டியிருக்கும், டிரைவர் கெட்டிருந்தால் இதனால் நன்மையும் இல்லை. டிவைஸ் மேனேஜரில் எல்லாம் சுத்தமாக இருந்தும் வைஃபை குறி வரவில்லை என்றால் மட்டும் இது சரி. அதற்கும் முன்னால் விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில், வைஃபையைக் கவனிக்கும் டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக் (WLAN AutoConfig) ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், லேப்டாப்பை வேகமாக்குகிறோம் என்று வரும் சாஃப்ட்வேர்கள் இதை அணைத்துவிடுவதுண்டு.

இவ்வளவுக்கும் பிறகு 10 அல்லது 43 போகவே இல்லை என்றால் கார்டு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்க ஒரு செலவில்லாத வழி, விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய உபுண்டு லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் ட்ரை என்ற வழியில் திறந்து பார்ப்பது. டிஸ்கில் இருக்கும் விண்டோஸை அது தொடாது, ஆனால் தம்பி மகன் கையில் கொடுத்தால் பக்கத்தில் உட்காருங்கள், இன்ஸ்டால் பட்டனும் அங்கேயே இருக்கிறது. அதில் பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கள் தெரிந்தால் கார்டு நன்றாக இருக்கிறது, வாதமே வேண்டாம். தெரியவில்லை என்றால் மட்டும் உடனே முடிவு கட்டக்கூடாது. இன்டெல் கார்டு என்றால் லினக்ஸில் பெரும்பாலும் தானாக எடுக்கும், அது எடுக்கவில்லை என்றால் சந்தேகம் வலுக்கிறது. பிராட்காமும் சில ரியல்டெக்கும் நல்ல நிலையில் இருந்தாலும் அங்கே தனி டிரைவர் கேட்கும்.

கார்டுதான் போயிருக்கிறது என்று தெரிந்த பின்னும் ஐயாயிரத்துக்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது. உங்களுடையது கழற்றி மாட்டும் கார்டா, போர்டிலேயே பற்றவைத்ததா? கழற்றக்கூடியது என்றால் சூயிங்கம் பட்டை அகலத்துக்கு ஒரு சிறு பலகை, ஒரு ஸ்க்ரூ, மேலே இரண்டு மெல்லிய ஆன்டெனா வயர், சாதாரண கார்டுக்கு ஐயாயிரம் ஆகாது. பழைய கார்டைக் கையில் கேட்டு வாங்குங்கள். புதியதாக எதை மாட்டுகிறார்கள் என்பதையும் கேளுங்கள், இன்டெல் ஏஎக்ஸ்201 போன்றவை அதற்கென்று செய்த இன்டெல் போர்டில் மட்டும்தான் எடுக்கும், பார்க்க அதே மாதிரி இருக்கும் ஏஎக்ஸ்200 மற்ற போர்டிலும் எடுக்கும், ஒரு எண் மாறினால் கார்டு வீண். பற்றவைத்தது என்றால் போர்டைத் தொடவே விடாதீர்கள், சில நூறு ரூபாய்க்கு, வெளியே யுஎஸ்பி ஓட்டையில் செருகும் வைஃபை டாங்கிள் கிடைக்கிறது, ஆன்லைன் வகுப்புக்கு அது போதும்.

டிவைஸ் மேனேஜரில் தெரியும் கோடு எண், ஹார்டுவேர் ஐடியின் முதல் வரி, ப்ளூடூத் ஓடுகிறதா இல்லையா, இந்த மூன்றையும் இங்கேயே பதிலில் போடுங்கள். போனில் போட்டோ எடுத்துப் போட்டாலும் போதும், ஆனால் அந்த சீரியல் நம்பர் ஸ்டிக்கரை மறைத்துவிட்டுப் போடுங்கள். பேட்டரியை எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள், கடைக்குப் போவதானால் அந்த வேலைக்குப் போங்கள், வைஃபை கார்டைப் பற்றி இப்போதைக்குப் பேச்சே எடுக்க வேண்டாம்.